கிறிஸ்துமஸுக்கு 55 பார்சல்: இதை எப்படி நிறுத்துவது?

பாளை டீச்சர் எழுதியது

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊர் பாளையங்கோட்டை. வயது 59. வருகிற மே மாதத்தோடு ரிட்டயர்டு. கேட்க வந்த விஷயம் சின்னதுதான், ஆனால் பத்து மாதமாக மனதை அரிக்கிறது.

அத்தை எங்களோடு இருக்கிறார்கள், 81 வயது. அவர்களுக்கு மூன்று மகன், ஒரு மகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். நாலு குடும்பமும் அத்தையும் சேர்ந்து 18 தலை. ஒவ்வொரு வீடும் மற்ற எல்லாருக்கும் துணி எடுக்கும். நான் 14 பேருக்கு, இரண்டாவது கொழுந்தன் வீடு 14 பேருக்கு, சின்னக் கொழுந்தன் வீடு 14 பேருக்கு, நாத்தனார் வீடு 13 பேருக்கு. போன வருஷம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: 55 பார்சல். என் பங்குக்கு மட்டும் 21,600 ரூபாய்.

டிசம்பர் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் கூடி மாற்றிக்கொள்வோம். அதற்கு மேல் தள்ளினால் ஜாக்கெட் தைத்து வராது. பத்தாம் தேதிக்குப் பிறகு டெய்லர் முகம் கொடுத்தே பேசமாட்டார், தெரியும்தானே. பிள்ளைகளுக்குச் சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று ஆளுக்கொரு செட் வந்துவிடும். ஒன்று 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு, ஒன்று சாயங்காலத்துக்கு, ஒன்று வருஷப் பிறப்புக்கு. மிச்சம் பீரோவில் கிடந்து அடுத்த வருஷம் இடுப்பில் ஏறாது.

இதைத் தொடங்கி வைத்ததே நான்தான். மாமா இருந்தவரை வழக்கம் வேறு. பிள்ளைகளுக்கு மட்டும், ஒரே தானில் துணி கிழித்து வருவார்கள். பையன் எல்லாருக்கும் ஒரே கட்டம் போட்ட சட்டை, பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி வரிசையாகக் கோயிலுக்குப் போவார்கள். பெரியவர்களுக்கு ஒன்றும் கிடையாது. 2009-இல் ஊதியக்குழு அரியர் கையில் வந்தது. அந்த டிசம்பரில் ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் நாத்தனாருக்கும் சேலை எடுத்தேன். சந்தோஷத்தில்தான் எடுத்தேன். கொஞ்சம் பவுசும் இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டாவது ஓரகத்தி சேலையோடு ஒரு ஹாட்பேக்கும் கொடுத்தாள். நான் சும்மா இருப்பேனா? டின்னர் செட். அப்புறம் ஆண்களுக்குச் சட்டை, அதற்கப்புறம் வேட்டி சட்டை செட். இப்படியே ஏறி இன்றைக்கு என் பரணில் ஏழு ஹாட்பேக் இருக்கிறது. இட்லி நாலைந்து பேருக்குத்தான் அவிக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கொழுந்தன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லாம் போனிலேயே முடிகிற காலத்தில் அந்த வியாபாரம் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போன டிசம்பர் 1-ஆம் தேதி எல்லாரும் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள் அறையில் சின்னக் கொழுந்தன் வீட்டார் கொடுத்த ஜவுளிக்கடைப் பையைப் பிரித்தேன். மாம்பழ மஞ்சளில் சேலை, பச்சைக் கரை. மடிப்புக்குள்ளிருந்து பில் விழுந்தது. பில்லோடு சேர்த்து நாலாக மடித்த ரோஸ் காகிதம் ஒன்று. அடகுக்கடைச் சீட்டு. மோதிரம் ஒன்று, அரைப்பவுன், 15,000 ரூபாய், தேதி நவம்பர் 28.

கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர்கள் கிளம்புவதற்குள் வெளியே போய், ஸ்கூட்டர் முன்பெட்டியில் கிடந்த துடைக்கிற துணிக்கு அடியில் சீட்டைச் செருகிவிட்டு வந்தேன். கொழுந்தன் மனைவியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இந்த வருஷம் இது கூடாது. ஆனால் எப்படிச் சொல்ல? நான் நிறுத்துவோம் என்றால் "ரிட்டயர்டு ஆகப்போகுது, அதான் கையை மடக்குது" என்று ஒரு பேச்சு வரும். வந்தால் வரட்டும். தங்களுக்காகத்தான் நிறுத்துகிறார்கள் என்று சின்ன வீட்டுக்குத் தோன்றிவிடக் கூடாது, அதுதான் எனக்குப் பயம். அத்தையும் மனம் நோகக் கூடாது. உங்கள் வீடுகளில் யாராவது குறைத்திருக்கிறீர்களா?


கோட்டாறு கணக்கு வாத்தியார் எழுதியது

டீச்சர், நாங்க பெயரெழுதிச் சீட்டுப் போடுகிறோம், யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பரிசு. ஹாஸ்டல்களில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு என்று விளையாடுவோமே, அதேதான். ஒரு ஆளுக்கு ஒரே ஆள். எங்கள் வீட்டில் 500 ரூபாய் வரம்பு. நாலாவது வருஷம் நடக்கிறது.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை மட்டும். பெயரெழுதிச் சுருட்டி எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு எடுத்தால் யாராவது ஒருவருக்குத் தன் பெயரே வந்துவிடும். முதல் வருஷம் எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது. மனுஷன் வாயைத் திறக்காமல் தனக்குத் தானே ஒரு டார்ச்லைட் வாங்கி, பேப்பர் சுற்றிக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் ஆச்சரியமாகப் பிரித்தார். இது அபூர்வமான விபத்து இல்லை. 9 பேர் எடுத்தாலும் 30 பேர் எடுத்தாலும், யாராவது ஒருவருக்காவது தன் பெயரே வர நூற்றுக்கு 63 வாய்ப்பு. புருஷன் பெண்டாட்டி பெயர் ஒருவருக்கொருவர் வரக்கூடாது என்று சேர்த்தால் சீட்டைப் பல தடவை குலுக்க வேண்டியிருக்கும், பிள்ளைகள் தூங்கிவிடும்.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம். குடும்பத்தில் இல்லாத ஒருவர் (எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பையன்) எல்லார் பெயரையும் ஒரு வட்டமாக, ஜோடி பக்கத்தில் வராமல் எழுதுகிறான். ஒவ்வொருவரும் வலது பக்கத்துப் பெயருக்குக் கொடுக்க வேண்டும். அவரவர் பெயரை மட்டும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். பத்து நிமிஷ வேலை. அவனுக்கு ஒரு கேக் கூலி.

சீட்டை நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். துணி எடுக்க ஆரம்பித்த பிறகு போட்டால் பழைய கணக்கும் ஓடும், புதுக் கணக்கும் ஓடும்.


தேரிக்காட்டான் எழுதியது

சீட்டு எல்லாம் சரிதான் வாத்தியாரே, 500 என்று வரம்பு வைத்த இடத்தில் 1,200 ரூபாய்க்கு வாங்கிவிட்டு "ஆஃபர்ல வந்திச்சு" என்று சொல்லும் அத்தான் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

டீச்சர் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம்தான் நினைவுக்கு வந்தது. மெஞ்ஞானபுரம் பக்கம் எங்கள் ஊர். காணிக்கையாக வந்த முருங்கைக்காய்க் கட்டை 800 ரூபாய்க்கு ஏலம் எடுப்பார்கள். ஒரு முட்டை 300-க்குப் போகும். எடுக்கிறவனுக்கும் தெரியும், கூவுகிறவனுக்கும் தெரியும், அது முட்டைக்கான காசு இல்லை, கோயிலுக்கு. அதனால் தோற்றவனுக்கு வருத்தம் கிடையாது. உங்கள் வீட்டிலும் ஏலம்தான் நடந்திருக்கிறது. மேலே மேலே கேட்டிருக்கிறீர்கள். போதும் என்று சுத்தியல் தட்ட மட்டும் ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். நம்மவர்களுக்குப் பரிசு என்ற ஒன்றே கிடையாது, மொய்தான். கல்யாண வீட்டில் 501 எழுதியவனுக்கு 1,001 திருப்புவது மாதிரி, நீங்கள் எடுத்த சேலை அவர்கள் கணக்கில் கடனாக ஏறியிருக்கும். அந்தக் கடனை அடைக்கத்தான் மோதிரம் போயிருக்கிறது.

எங்கள் வீட்டு ஏற்பாடு: திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளையைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற சடங்கு) எடுக்கும்வரைதான் பிள்ளைக்குத் துணி. முதல் ராப்போஜனம் (கோயிலில் தரும் அப்பமும் ரசமும்) எடுத்தாயிற்றா, நீ பெரிய ஆள், யாரும் உனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை. வயது வரம்பு வைத்தால் "என் மகனுக்குப் பதினைஞ்சு முடிய ரெண்டு மாசம் இருக்கு" என்று வழக்குப் பேசுவார்கள். பேராயரே கை வைத்துத் திடப்படுத்திய பிறகு அப்பீல் இல்லை.


சின்னவ எழுதியது

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. டீச்சர் சொன்ன அந்தச் சின்ன வீட்டு மருமகள் இடத்தில் நான் எட்டு வருஷம் இருந்தேன் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா, அந்த அடகுச் சீட்டைப் பெட்டியில் வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பையில் வைத்த காகிதம் ஸ்கூட்டர் பெட்டிக்குத் தானாக நடந்து போகாது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் அவள் பத்து மாதமாக வைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்றால், பெரிய மைனி ஒரு நாள் குடும்ப குரூப்பில் "இனிமே யாரும் யாருக்கும் எடுக்க வேண்டாம், முடியாதவங்க கஷ்டப்படக் கூடாதுல்ல" என்று போட்டார்கள். நல்ல மனதோடுதான் போட்டார்கள். முடியாதவங்க யார் என்று 22 பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார். அந்த வருஷம் வம்புக்கென்றே எல்லாருக்கும் எடுத்தார். அதை அடைக்க எனக்கு ஆகஸ்ட் வரை ஆனது.

அதனால் குரூப்பில் போடாதீர்கள். காரணமும் சொல்லாதீர்கள். காரணம் என்று ஒன்றைச் சொன்னாலே அதற்குள் யாரோ இருப்பார்கள். சொல்லியே ஆகவேண்டும் என்றால் உங்களைச் சொல்லுங்கள்: முட்டி வலிக்குது, கடை கடையாக ஏற முடியவில்லை. ரிட்டயர்டு ஆகப்போவதால் கையை மடக்குகிறது என்று பேசினால் பேசட்டும், அந்தப் பேச்சு அவளுக்கு ஒரு குடை மாதிரி.

பொதுப் பணம் போட்டு ஒன்றாக எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். வேண்டாம். வீட்டுக்கு 3,000 என்று வசூலிக்கும்போது கடைசியாகத் தருகிறவள் யார் என்பது பளிச்சென்று தெரியும். சேலை எடுக்கும்போதாவது தள்ளுபடியில் எடுத்து மறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. "நீ துணி எடுக்க வேண்டாம், பலகாரம் சுட்டுத் தந்தா போதும்" என்று என்னிடம் ஒரு வருஷம் சொன்னார்கள். எனக்கு முந்திரிக்கொத்து நன்றாக வரும். பாசிப்பயறு வறுத்து, திரித்து, பாகு எடுத்து, உருட்டி, மாவில் முக்கிப் போட்டு 400 உருண்டை. மூன்று ராத்திரி அடுப்படியிலேயே நின்றேன். மற்றவர்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கடையில் வாங்கிவிட்டு வந்தார்கள். காசில்லாதவள் உடம்பால் கொடுக்கட்டும் என்பதும் ஒரு கணக்குதான் அக்கா. சுட்டால் எல்லாரும் சேர்ந்து சுடுவோம், ஒரே அடுப்பில்.

சீட்டுப் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு ஆளுக்கு 500 என்றால் நானும் தலை நிமிர்ந்து கொடுப்பேன்.


ஸ்கார்பரோ சித்தி எழுதியது

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோ. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, இஞ்சையும் இதே கூத்துத்தான், உருவம் மட்டும் வேறை. ஐந்து சகோதரங்கள். ஆரம்பத்தில் எல்லாருக்கும் உடுப்பு. அளவு சரியில்லாட்டில் மாத்தலாம் எண்டு கடைக்காரர் விலை போடாத பற்றுச்சீட்டு ஒன்று வைத்துத் தருவினம். டிசம்பர் 26-ஆம் திகதி மலிவு விற்பனை. அண்டைக்கு முழுக் குடும்பமும் பனிக்குள்ளை வரிசையில் நிண்டு, முதல் நாள் கிடைச்ச எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கும்.

பிறகு களைச்சுப்போய் பரிசு அட்டைக்கு மாறினோம். நான் தம்பிக்கு 50 டொலர் அட்டை, தம்பி எனக்கு 50 டொலர் அட்டை. ரெண்டும் ஒரே கடை அட்டை. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டு அம்மம்மா கேட்டா, "ஏன் பிள்ளை, உன்ரை சேப்பிலை இருக்கிற காசை நீயே வைச்சிருக்கலாமே?" அடுத்த வருஷத்தில் இருந்து பெரியாக்களுக்கு ஒண்டும் இல்லை. வீட்டுக்கொரு சட்டி கறி.

பிள்ளையளுக்கு மட்டும் விடாதேங்கோ. பெரியாக்களின்ரை களைப்பு அதுகளுக்கு விளங்காது.


எதிர்வீட்டுக்காரி எழுதியது

நான் இந்து. எங்கள் வீட்டுத் தீபாவளிக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்துகிறது, அதனால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு விண்ணப்பம். எதையும் குறையுங்கள். எதிர்வீட்டுக்கு வரும் பலகாரத் தட்டை மட்டும் எளிமைப்படுத்திவிடாதீர்கள். அந்த அச்சுமுறுக்குக்காக நாங்கள் தட்டைத் திருப்பித் தராமல் வைத்திருக்கிறோம்.


பாளை டீச்சர் எழுதியது

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம், அத்தையிடம் பேசிவிட்டு எழுதலாம் என்றுதான்.

சின்னவ எழுதியதை நாலு தடவை படித்தேன். குரூப்பில் போட ஒரு செய்தி தட்டி வைத்திருந்தேன். கிட்டத்தட்ட அதே வாசகம். அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். முட்டி வலியில் ஆரம்பித்தேன். அத்தை காதில் மெஷினைச் சரிசெய்துகொண்டு, "என்ன, துணி எடுக்க முடியலையா?" என்றார்கள். ஆமாம் என்றேன். சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "போடுங்க" என்றார்கள். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நான் ஒரு மணி நேரத்துக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அப்புறம்தான் வினை. நாத்தனாருக்கும் இந்த வருஷம் சேலை கிடையாது என்பது மாதிரி நான் ஏதோ சொல்ல, அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். "பரிசு வேற, சீர் வேற. எம்மவளுக்கு அண்ணன் தம்பி எடுக்கது பொறந்த வீட்டுச் சேலை. அதைச் சீட்டுல போடுவியளோ?" எனக்கு இது தோன்றவே இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் இருக்கலாம். தேரிக்காட்டான் எல்லாவற்றையும் மொய் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். இது அதற்குள் அடங்காது போலிருக்கிறது. கடைசியில் மூன்று மகன்மாரும் சேர்ந்து ஒரே சேலை, எடுத்து வருவது அத்தை, யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அத்தைக்கும் மகன்மாருக்கும் மட்டும் என்று முடிந்தது.

பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் கணக்கு. ஒன்பதில் நாலு பேர் எடுத்தாயிற்று. என் மூத்தவன் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது, அவனுக்கு இன்னும் சித்தப்பா சட்டை எடுக்கிறார்! அந்த நாலு பேரும் பெரியவர்களோடு சீட்டில் வருவார்கள். மொத்தம் 13 சீட்டு, 500 ரூபாய். மிச்சமுள்ள ஐந்து பிள்ளைகளுக்கு மாமாவின் குடும்ப பென்ஷனில் தானே எடுப்பதாக அத்தை சொல்லிவிட்டார்கள். ஒரே தானில். என் நாத்தனார் மகளுக்குப் பத்து வயது, போனில் கேட்டுவிட்டு அழுதாளாம், தம்பி சட்டையும் தன் பாவாடையும் ஒரே கட்டம் என்றால் வெளியே தலைகாட்ட முடியாது என்று. அழட்டும்.

அத்தை பெயரும் சீட்டில் உண்டு. யாருக்கு வந்தாலும் சேலை எடுக்கக் கூடாதாம். "ஜரிகை கழுத்துல குத்துது, காதுமெஷினுக்கு பேட்டரி வாங்கித் தரச் சொல்லு." இத்தனை வருஷமாக ஜரிகைச் சேலையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தது நான்தான்.

சின்னக் கொழுந்தனிடமும் அவர் மனைவியிடமும் அத்தையே பேசினார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. ராத்திரி அவள் போன் செய்தாள். வேறு ஏதோ பேசினாள், பள்ளிக்கூட பீஸ், மழை, கடைக்கு முன்னால் தோண்டிப் போட்டிருக்கும் ரோடு. வைக்கப் போகும்போது, "அக்கா, பலகாரத்துக்கு மாவு எங்க வீட்டுலயே இடிச்சிருவோம், நீங்க முட்டி வலியோட அலையாதீங்க" என்றாள். எல்லாரும் ஒரே அடுப்பில்தான் சுடுவோம் என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுத் தட்டு பத்திரம்.

வாத்தியார் சொன்ன மாதிரி வட்டம் போட மாடிவீட்டுப் பெண்ணைப் பிடித்திருக்கிறேன். நவம்பர் இரண்டாவது ஞாயிறு சீட்டு.

இப்போது ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். இரண்டாவது ஓரகத்தி ஆடித் தள்ளுபடியிலேயே நாலு சேலையும் மூன்று சட்டையும் எடுத்து வைத்துவிட்டாளாம். கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். "இதை என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க அக்கா" என்று காலையிலிருந்து மூன்று மிஸ்டு கால். யாருக்காவது யோசனை இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.